தொண்ணூறு விநாடிக்கு ஒரு சுருள்

அக்கா மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஐமாக்ஸ் திரைக்கென்றே எடுத்த இயற்கைப் படம் ஏதாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். "ஐமாக்ஸ்ல போய் யாராவது டிஸ்கவரி சேனல் பார்ப்பாங்களா மாமா?" என்றான். கேட்ட விதத்தில் கிண்டல்கூட இல்லை. உண்மையாகவே அப்படி ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்கு ஐமாக்ஸ் என்றால் சூப்பர் ஹீரோ படம், முதல் நாள் டிக்கெட், அறுநூறு ரூபாய் பாப்கார்ன்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கதை நேர் தலைகீழ். அந்தத் திரை பிறந்து முப்பது வருடங்களுக்கு மேல் அதில் கோலோச்சியது மலை, கடல், பனி, விண்வெளி, திமிங்கலம் இவைதான். சினிமா நட்சத்திரங்கள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவர்கள்.

1967இல் கனடாவின் மான்ட்ரியலில் உலகக் கண்காட்சி நடந்தது. பல ப்ரொஜெக்டர்களை ஒன்றாக ஓட்டி, பல திரைகளில் படம் காட்டி அசத்தினார்கள். அதில் வேலை செய்த ரோமன் க்ராய்ட்டரும் கிரேம் பெர்குசனும், இத்தனை எந்திரங்களோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் ஒரே பெரிய ப்ரொஜெக்டர் செய்தால் என்ன என்று யோசித்தார்கள். பெர்குசன் தன் பள்ளிக்கூட நண்பர் ராபர்ட் கெர்ரைச் சேர்த்துக்கொண்டார். எந்திர வேலை தெரிந்த ஆள் வேண்டுமே என்றதும் வில்லியம் ஷா வந்தார். அவரும் அதே பள்ளிதான். மூன்று வருடத்தில், 1970இல், ஜப்பானின் ஒசாகா கண்காட்சியில் முதல் படத்தை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். 1971இல் டொரன்டோவில் முதல் நிரந்தர அரங்கு. அங்கே முதலில் ஓடியது ஏரியும் காடும் பனியும் நிறைந்த வடக்கு ஒன்டாரியோவைப் பற்றிய படம்.

இந்த இடத்தில் கொஞ்சம் எந்திரம் பேசிக்கொள்கிறேன், பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். 1986இல் 'மாவீரன்' 70 எம்.எம். படமாக வந்தபோது அதை ஒரு அதிசயம்போலப் பேசினோம், ஞாபகம் இருக்கிறதா? அதே அகலப் பிலிம்தான் ஐமாக்ஸுக்கும். ஆனால் சாதாரண 70 எம்.எம்மில் பிலிம் மேலிருந்து கீழே ஓடும், ஒரு படச்சட்டத்துக்கு ஓரத்தில் ஐந்து துளை. இவர்கள் பிலிமைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் ஓடவிட்டு, ஒரு சட்டத்துக்குப் பதினைந்து துளை கொடுத்தார்கள். பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படியென்றால் விநாடிக்கு ஒன்றே முக்கால் மீட்டர் பிலிம் ஓட வேண்டும். நாற்பது நிமிடப் படத்துக்கு நாலு கிலோமீட்டர். பழைய முறைப்படி துளையில் பல்லை மாட்டி இழுத்தால் பிலிம் கிழிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரான் ஜோன்ஸ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கம்பளிப்பூச்சி முதுகை வளைத்து வளைத்து நகர்வதுபோல, பிலிமை அலை அலையாக நகர்த்தும் முறை. அதன் உரிமையை இவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஜோன்ஸ் இல்லையென்றால் இந்தப் பதிவே இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1998இல் நான் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பார்க்க வந்திருந்தார். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூரோங்கில் இருக்கும் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஓம்னி தியேட்டர் என்று ஒரு குவிமாட அரங்கு; 1987இல் திறந்தது. கவிழ்த்த கிண்ணத்துக்குள் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும், தலைக்கு மேலும் படம் ஓடும். படத்தின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில் கேமரா தாழப் பறந்து போகும். பாறை விளிம்பு வந்து, சட்டென்று தரை காணாமல் போய், கீழே ஆயிரம் அடிக்கு வெறும் காற்று. அரங்கே "ஆ" என்றது. நான் அப்பாவைப் பார்த்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி வலது காலால் முன் சீட்டின் அடியை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார். பிரேக்!

வெளியே வந்ததும், "படம் எப்படிப்பா?" என்றேன். "வளைவுல ஹாரன் அடிக்கல அவன்" என்றார்.

அன்று சிரித்தேன். இத்தனை வருடம் கழித்து யோசித்தால், அந்த அரங்கில் சரியாகப் படம் பார்த்தவர் அவர்தான். யார் நடிக்கிறார்கள், என்ன கதை என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. நேராக அந்த இடத்துக்குள் போய்விட்டார்.

நம் இலக்கணத்தில் முதல், கரு, உரி என்று மூன்று பொருள் சொல்வார்கள். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அங்கே இருக்கிற மரம், விலங்கு, பறவை, மக்கள், தொழில். உரி என்பது கூடல், பிரிதல் போன்ற மனித உணர்வு. தொலைக்காட்சியில் வருகிற பெரும்பாலான வனவிலங்குப் படங்கள் உரிப்பொருளில் ஆரம்பிக்கின்றன. தாய்ச் சிறுத்தை, மூன்று குட்டி, அதில் ஒன்று நொண்டி, வில்லனாக ஒரு கழுதைப்புலி. பின்னணி இசை நம்மை எங்கே அழவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும். நல்ல தொழில்தான், நானும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் சின்னத் திரைக்கு வேறு வழியும் இல்லை. ஆறு அங்குல போனில் சமவெளியைக் காட்டினால் ஒரு மஞ்சள் கோடுதான் தெரியும், அதனால் முகத்துக்குப் பக்கத்தில் போகிறார்கள், இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு வெட்டுகிறார்கள்.

பெருந்திரைப் படம் முதற்பொருளில் தொடங்கும். தொடங்கியே ஆகவேண்டும், ஏனென்றால் ஐந்தாறு மாடி உயரத் திரையில் படபடவென்று வெட்டினால் பார்ப்பவனுக்குக் குமட்டும். ஒரு காட்சியைப் பத்து விநாடி, பதினைந்து விநாடி அப்படியே விட்டுவைப்பார்கள். அந்த நேரத்தில் நம் கண் தானாக மேயத் தொடங்கும். நீங்கள் இடது ஓரத்து நாரையைப் பார்ப்பீர்கள், உங்கள் மனைவி நடுவில் அசையும் புல்லைப் பார்ப்பார், பையன் மேலே மேகத்தைப் பார்ப்பான். மூன்று பேரும் வெளியே வந்து மூன்று படம் பேசுவார்கள். (இலக்கணப்படி மூன்றில் உரிப்பொருளே சிறந்தது என்று தமிழாசிரியர்கள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம். தெரியும். பாட்டுக்கு அது சரி.)

இப்படி எடுப்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு எவரெஸ்டை விட்டால் வேறு உதாரணம் இல்லை. 1996இல் டேவிட் ப்ரீஷியர்ஸ் தலைமையில் ஒரு குழு ஐமாக்ஸ் கேமராவோடு அந்த மலைக்குப் போனது. மலைக்காகவே இளைக்க வைத்த கேமரா அது, அப்படியும் பத்தொன்பது கிலோ. ஐநூறு அடிச் சுருளைப் போட்டால் ஓடுவது தொண்ணூறு விநாடி. அப்புறம் சுருளை மாற்ற வேண்டும், அந்தக் குளிரில், அந்தக் காற்றில். இன்று நாம் தோசை வார்ப்பதையே நாலு நிமிடம் வீடியோ எடுக்கிறோம்.

அந்த மே மாதம் 10, 11 தேதிகளில்தான் பெரும்புயல் வந்து, மேலே இருந்த வேறு குழுக்களைச் சேர்ந்த எட்டுப் பேர் இறந்தார்கள். படக்குழு அப்போது கீழே இருந்தது. மேல் முகாமில் தங்களுக்காகச் சேர்த்து வைத்திருந்த ஆக்சிஜன் உருளைகளை, தவித்துக்கொண்டிருந்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று ப்ரீஷியர்ஸ் வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டார். படமே நின்றுபோயிருக்கலாம். அவரும் குழுவில் இருந்த எட் வீஸ்டர்ஸும் மேலே ஏறிப்போய், வேறு குழுவைச் சேர்ந்த, பனியில் கை கருகிப்போன பெக் வெதர்ஸ் இறங்கிவர உதவினார்கள். பிறகு எல்லோரும் அடிவாரம் வந்து, யோசித்து, மறுபடி ஏறினார்கள். மே 23 அன்று உச்சி. அதில் ஒருவர் ஜாம்லிங் டென்சிங் நார்கே, ஹிலாரியோடு 1953இல் ஏறிய டென்சிங்கின் மகன். கேமராவையும் முக்காலியையும் பிலிமையும் முதுகில் ஏற்றிப்போனவர்கள் ஷெர்பாக்கள். 1998இல் வந்த அந்த 'எவரெஸ்ட்' படம் முக்கால் மணி நேரம்தான். உலகம் முழுக்க நூறு மில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. ஆவணப்படத்தை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கேமராவை விண்வெளிக்குக் கொண்டுபோனபோது பிலிம் கஞ்சத்தனம் இன்னும் கூடியது. 2009இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போன விண்கலத்தின் சரக்கு அறையில் ஒரு முப்பரிமாண ஐமாக்ஸ் கேமரா இருந்தது. உள்ளே ஒரு மைல் நீளத்துக்குச் சற்று அதிகமான பிலிம். இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் ஒரே சுருளில் மாற்றி மாற்றிப் பதிய வேண்டும் என்பதால் மொத்தமே எட்டு நிமிடம். மேலே போய்ச் சுருள் மாற்ற முடியாது. எந்த எட்டு நிமிடம் என்று பூமியிலேயே உட்கார்ந்து முடிவுசெய்துவிட்டுப் போனார்கள். கையில் எட்டே நிமிடம் இருப்பவன் பார்க்கிற விதமே வேறு, அது திரையில் தெரியும்.

இந்தப் பெருந்திரைப் படங்களில் எனக்கு எரிச்சல் தருகிற விஷயமும் உண்டு. முதலாவது, வாய் ஓயாத பின்னணிக் குரல். அந்தக் கேமரா தையல் மெஷின்போல இரைவதால் படப்பிடிப்பில் ஒலியை ஒழுங்காகப் பதிய முடியாது, அதனால் எல்லாவற்றையும் பிறகு சேர்க்கிறார்கள், அதெல்லாம் புரிகிறது. அதற்காக, பனிமலை கண்முன்னே நிற்கும்போது "இதோ ஒரு பனிமலை" என்று காதில் சொல்ல வேண்டுமா? அடுத்து, இருட்டு. பெரிய பிலிமுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், ஃபோகஸ் துல்லியமாக நிற்கும் ஆழமும் குறைவு. ஆகவே இரவில் நடமாடும் பிராணிகளுக்கு இந்தத் திரையில் ரொம்ப நாள் இடமே கிடைக்கவில்லை. 2002இல் இந்தியப் புலியைப் பற்றி ஒரு பெருந்திரைப் படம் வந்தது, அதிலும் புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டாக ஒரு நடிகரை நடக்கவிட்டுத்தான் கதை சொன்னார்கள். புலியை மட்டும் நம்பியிருக்கலாம்.

பெரும்பாலும் அருங்காட்சியக அரங்குகளை நம்பியிருந்ததில் ஒரு கோழைத்தனமும் ஒட்டிக்கொண்டது. யார் மனமும் புண்படக்கூடாது. ஆழ்கடல் எரிமலைகளைப் பற்றி 2003இல் ஸ்டீபன் லோ எடுத்த படத்தில், உயிர்கள் தோன்றியதையும் பரிணாமத்தையும் பற்றிச் சில வரிகள் வரும். அதற்காக அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சில அறிவியல் மைய அரங்குகள் அந்தப் படத்தைத் திரையிடத் தயங்கின. 2005இல் அது பெரிய செய்தியானது. ஃபோர்ட் வொர்த்தில் இருந்த அருங்காட்சியகம் கண்டனம் கிளம்பியதும் மனதை மாற்றிக்கொண்டது. அறிவியல் மையமே அறிவியலுக்குப் பயந்தால் என்ன செய்வது?

இதற்கிடையே 2002இல் சாதாரண 35 எம்.எம். ஹாலிவுட் படங்களைப் பெருந்திரைக்கு ஏற்றபடி மாற்றும் தொழில்நுட்பம் வந்தது. 2008இலிருந்து டிஜிட்டல் ப்ரொஜெக்டர்கள். நாலு கிலோமீட்டர் சுருளும் வேண்டாம், அதை ஓட்டத் தெரிந்த ஆபரேட்டரும் வேண்டாம். முதலாளிகளுக்கு எது லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் 'ஓப்பன்ஹைமர்' வந்தபோது, உலகத்தில் முப்பது அரங்குகளில்தான் உண்மையான ஐமாக்ஸ் பிலிமில் ஓடுகிறது, இந்தியாவில் ஒன்றுகூட இல்லை என்று நம் இளைஞர்கள் இங்கே புலம்பித் தீர்த்தார்கள். நியாயமான புலம்பல். ஆனால் 2001இல் மும்பை வடாலாவில் ஐமாக்ஸ் குவிமாடம் வந்ததும், 2003இல் ஹைதராபாத்தில் பிரசாத் குடும்பத்தார் மாபெரும் பிலிம் திரை கட்டியதும் நடந்த கதைதானே. இருந்தபோது நாம் போய் எதைக் கேட்டோம்? சில வருடங்களுக்கு முன் ஒரு பெருநகரத்து ஐமாக்ஸ் அரங்கில், நாற்பது நிமிட இயற்கைப் படம் ஏதாவது போடுகிறீர்களா என்று விசாரித்தேன். கவுண்டரில் இருந்த தம்பி என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, "ட்ரெய்லர் வேணா இருக்கும் சார்" என்றார்.

பிலிமுக்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. டிஜிட்டலில் எடுங்கள், தாராளமாக. இப்போது இருட்டிலும் எடுக்கலாம், எங்கள் முதுமலைக் காட்டின் இரவைக்கூட எடுக்கலாம். பெரிய திரையும் குவிமாடமும் நம் ஊர்களிலும் வந்துவிட்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலைக் காட்சி, நாற்பது நிமிடம், தமிழில் குறைவாகப் பேசுகிற ஒரு குரல், ஐம்பது ரூபாய் டிக்கெட். காலை ஒன்பது மணிக்கு அந்தத் திரைகள் எல்லாம் சும்மாதானே கிடக்கின்றன? ஒரு திமிங்கலத்தின் கண்ணை அது இருக்கும் அளவைவிடப் பெரிதாக ஒரு முறை பார்த்த பிள்ளைக்கு, கடல் என்ற சொல்லே வேறாகிவிடும் என்று நினைக்கிறேன். என் அப்பாவுக்குப் பள்ளத்தாக்கு அப்படித்தான் ஆனது. அதன் பிறகு கொல்லிமலைக்குப் போன ஒவ்வொரு முறையும், வளைவுகளில் "சிங்கப்பூர்ல பார்த்தோமே" என்று ஆரம்பித்துவிடுவார்.

அக்கா மகனுக்கு அன்று ராத்திரி லேப்டாப்பில் எவரெஸ்ட் படத்தைப் போட்டுக்காட்டினேன். பதினைந்து அங்குலத்தில் அந்த மலையைக் காட்டுவது பாவம்தான், வேறு வழியில்லை. உச்சிக் காட்சி வந்தபோது தொண்ணூறு விநாடிக் கணக்கைச் சொன்னேன். போனைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிலிமை எப்படி மாமா கீழே கொண்டுவந்தாங்க?" என்று கேட்டான்.

முதுகில்தான், என்றேன்.