தெருவை உசத்தி உசத்தி வீட்டைக் குளமாக்கிட்டாங்க

ஐப்பசி பொறந்துட்டா கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் பழைய ஓட்டு வீட்டுல இருக்கறவங்களுக்குத் தூக்கம் போச்சு. ராத்திரி ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்போல அடிச்சா, காலையில கூடத்துல கணுக்கால் தண்ணி. "பழைய வீடு, பள்ளத்துல கட்டிட்டாங்க"ன்னு யாராவது சொல்லும்போது பத்திக்கிட்டு வருது. எவன் பள்ளத்துல கட்டினான்? தலைமுறை தலைமுறையா ஆத்து வெள்ளத்தைப் பார்த்தவங்க கட்டின வீடு அது. மூணு படி ஏறினாத்தான் திண்ணை. இப்ப அதே வீட்டுக்குள்ள ஒரு படி இறங்கிப் போறோம்.

தார் ஒரு தடவை போட்டா ஒன்றரை, ரெண்டு அங்குலம். அடியில ஜல்லி பரப்பினா இன்னும் மூணு. சிமெண்ட் ரோடுன்னா ஒரே அடியா ஆறு அங்குலத்துக்கு மேல. பழசை எடுக்காம அது மேலேயே கொட்டிக்கிட்டே வந்தா தெரு திண்ணையைத் தொடாம என்ன செய்யும்? பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-லயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாச்சு. எத்தனை தெருவுல அந்தச் சுரண்டற மெஷினைப் பார்த்திருக்கீங்க?

தண்ணி வாசல் வழியாத்தான் வருதுன்னு நினைச்சு மணல் மூட்டை அடுக்கறாங்க. முதல்ல வர்றது முற்றத்துத் தூம்பு வழியா. ஓட்டுத் தண்ணி வெளியே போறதுக்காக வச்ச வழி அது. சாக்கடை மட்டம் தூம்பு மட்டத்தைத் தாண்டினதும் தெருத் தண்ணி மொத்தமும் அதே வழியா உள்ளே வருது. வடிகால்ல வெங்காயத்தாமரை அடைச்சுக் கிடக்கு, ஆறும் நிறைய ஓடுது. சாக்கடை எங்கே போய் வடியும்?

இதுக்கு வழி இருக்கு. தூம்புக் குழாய் சுவத்தை விட்டு வெளியே போற இடத்துல ஒன்றரை அடிச் சதுரத்துல ஒரு தொட்டி கட்டி, நாலு அங்குல பி.வி.சி. குழாய்க்கான நான்-ரிட்டர்ன் வால்வை, அதாவது தண்ணியை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வந்தா மடல் மூடிக்கற வால்வை, அதுக்குள்ள வைக்கணும். தொட்டிக்குத் திறக்கற மூடி கட்டாயம் வேணும். ஒரே ஒரு பால் கவர் அந்த மடல்ல மாட்டினாப் போதும், வால்வு மூடாது, காசு தண்டம். புரட்டாசியிலேயே திறந்து கழுவி, உள்பக்கம் கம்பிவலை போட்டுடுங்க.

வால்வு மூடிட்டா நம்ம வீட்டு மழைத்தண்ணியும் வெளியே போகாது. இதைச் சொல்லாமலே வால்வை மாட்டிட்டுப் போயிடறாங்க, அதுதான் பெரிய அநியாயம். 600 சதுர அடி ஓடு முற்றத்தைப் பார்த்துச் சரிஞ்சிருந்தா, 10 செ.மீ. மழைக்கு 5,500 லிட்டருக்கு மேல உள்ளேயே கொட்டும். சீர்காழியில 2022 நவம்பர்ல ஒரே நாள்ல 44 செ.மீ. கொட்டுச்சு, கணக்குப் போட்டுப் பாருங்க. அதனால முற்றத்து மூலையில ரெண்டு அடி அகலம், ரெண்டரை அடி ஆழத்துல உறை இறக்கி, மிதவை சுவிட்ச் வச்ச அரை எச்.பி. கழிவுநீர் மோட்டாரைப் போடணும். கிணத்துக்குப் போடற மோனோபிளாக் வேண்டாம், சேறும் இலையும் போய் அடைச்சுக்கும். வெளியேத்தற குழாயை வெள்ள மட்டத்துக்கு மேல தூக்கி வளைச்சுத்தான் தெருவுல விடணும். தாழ விட்டா மோட்டார் நின்னதும் தெருத் தண்ணி அதே குழாய்ல திரும்பி வரும். கரண்ட் போனா வீட்டு இன்வெர்ட்டர் அரை எச்.பி. மோட்டாரைப் பெரும்பாலும் கிளப்பாது. பெட்ரோல் இன்ஜினை முன்கூட்டியே வாடகைக்குச் சொல்லி வைங்க.

தரை வழியா ஊறி வர்றதுக்கு இந்த மோட்டாரும் பதில் இல்லை. களிமண் பூமி, நிலத்தடி நீர் மேலே வந்துட்டா செங்கல் தரை வழியாக் கசியும். அதுக்கு உள்பக்கம் பூசற வாட்டர்புரூஃப் பெயிண்ட்டை விக்கறவங்களை நம்பாதீங்க. பின்னாலேர்ந்து தண்ணி தள்ளும்போது அது பொரிஞ்சு அப்பளமா உதிரும். சுண்ணாம்புச் சுவத்துல சிமெண்ட் பூச்சும் ஆகாது. ஈரம் வெளியேற வழியில்லாம இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, செங்கல்லையே அரிக்கும். திரும்பச் சுண்ணாம்புதான் பூசணும், நல்லாக் காயற வரைக்கும் பெயிண்ட் பக்கமே போகக்கூடாது.

அடுத்து ஜாக்கி வச்சு வீட்டைத் தூக்கலாம்னு வருவாங்க. வரிசையா ஒட்டின வீடுகள்ல பொதுச்சுவர் இருக்கும்போது ஒரு வீட்டை மட்டும் எப்படித் தூக்குவீங்க? தரையில மண் கொட்டி ஒசத்தினா நிலைக்கால் மண்ணுக்குள்ள புதைஞ்சு மக்கும், நடை குனிஞ்சு போற நடையாகும்.

தண்ணி ஏறும்போது முதல்ல மெயினை அணைக்கணும், காய்ஞ்ச இடத்துல நின்னு. மீட்டர் பெட்டி வரைக்கும் தண்ணி வந்துட்டாத் தொடாதீங்க, மின்வாரியத்தைக் கூப்பிடுங்க. பிளக் பாயிண்ட் எல்லாம் நாலு அடிக்கு மேல ஏத்தி, கரண்ட் கசிஞ்சா உடனே தானா அணைச்சுடற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் மாட்டுங்க. வடிஞ்சதும் செப்டிக் டேங்கைக் காலி பண்ண அவசரப்படாதீங்க, சுத்தி நீர்மட்டம் இறங்கறதுக்குள்ள காலி பண்ணினா தொட்டி விரிசல் விடும், சில சமயம் மேலே கிளம்பும். குடிதண்ணித் தொட்டிக்குள்ள சாக்கடை போயிருந்தா இறைச்சுத் தேய்ச்சுக் கழுவி, நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஒரு நாள் விட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. பிளீச்சிங்கோட ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். பத்தாயத்து நெல்லுல அடி நனைஞ்சிருந்தா உடனே அள்ளி உலர்த்துங்க, விட்டா முளைச்சிடும்.

இவ்வளவு செலவும் பாடும் யாரோ சுரண்டாமப் போட்ட தாருக்காக! தெருவுக்கு ரோடு வருதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே வாசப்படிக்கும் ரோட்டு நடுவுக்கும் உள்ள மட்டத்தை டியூப் லெவல் (தண்ணி நிரப்பின டியூப்) பிடிச்சு அளந்து, படம் எடுத்து, எத்தனை அங்குலம் சுரண்டறதா எஸ்டிமேட்ல இருக்குன்னு ரோடு போடற ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க. தெருக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஜல்லி இறங்கறதுக்கு முன்னாடி கொடுங்க. தார் ஆறினப்புறம் அதை எவனும் தோண்டி எடுக்க மாட்டான்.