புத்தகம் மாறிவிட்டது, லேப் மாறவில்லை

பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஓப்பன் ஆஃபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்று பாடம் பாடமாக இருக்கிறது. பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான். எல்லாமே காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் ஓப்பன் சோர்ஸ். பாடத்திட்டம் போட்டவர்கள் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். லேப்தான் விண்டோஸில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கடலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் பள்ளிகளிலிருந்து எனக்கு அடிக்கடி போன் வரும். பல லேப்களில் ஸ்கிரீனின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாகத் தெரியும். யாரோ காசு கட்டாத காப்பியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு பிள்ளை வெளியிலிருந்து பென் டிரைவ் கொண்டுவந்து செருகினால் போதும், ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாகிவிடும். ரெக்கார்டுக்கு அடித்து வைத்த புரோகிராம் எல்லாம் போச்சு என்று டீச்சர் கையைப் பிசைவார். எங்கேயும் போயிருக்காது, வைரஸ் மறைத்து வைத்திருக்கும். மீட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் மறுபடி போன். எனக்கு வருமானம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

இப்போது விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது. பழைய சிபியுக்கள் அதற்குத் தேறாது. ஆனால் கடல் காற்றில் உப்புப் படிந்த ரேமை எடுத்து, ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகி, வேகமான ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால், அதே 4 ஜிபி பெட்டி பள்ளிப் பாடத்துக்குத் தாராளமாக ஓடும்.

"நாளைக்கு வேலைக்குப் போனா விண்டோஸ்தானே சார்?" என்று பெற்றோர் கேட்பார்கள். ஓப்பன் ஆஃபீஸின் கணக்கு அட்டவணையான கால்க்கில் சூத்திரம் போடத் தெரிந்த பிள்ளைக்கு எக்செல் பிடிபட ரொம்ப நாள் ஆகாது. கேரளாவில் பத்தாம் வகுப்பு ஐடி பாடத்தை லினக்ஸில்தான் நடத்துகிறார்கள். அங்கே சாஃப்ட்வேரை மட்டும் மாற்றவில்லை. ஆசிரியர்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், செய்முறைத் தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். நம்மிடம் இல்லாதது அதுதான். சிடியை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போனால், மறுநாளே டீச்சர் என்னைக் கூப்பிட்டு விண்டோஸ் போடச் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். மே விடுமுறையில் முதலில் டீச்சர் மேசைக் கணினியில் லினக்ஸ் போடுங்கள். அவர் பழகட்டும், அப்புறம் லேப். ஒன்று மட்டும், பிரிண்டர் மாடலை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸோடு மல்லுக்கு நிற்கும்.