செட்டில்மெண்ட்டுன்னா எந்த செட்டில்மெண்ட்?

களியக்காவிளையிலிருந்து செங்கோட்டை வரைக்கும் எல்லையோரத்தில் அதிகம் ஆளைக் கவிழ்க்கிற இங்கிலீஷ் சொல் ‘செட்டில்மெண்ட்’தான். அப்பா மகளுக்கு வீட்டை எழுதி வைத்தாலும், வங்கிக் கடனைப் பேசி முடித்தாலும், வேலையை விட்டுக் கணக்கு முடித்தாலும் செட்டில்மெண்ட். சுவர் வெடித்தால் என்ஜினியரும் அதையே சொல்கிறார். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்புக்கும் சர்க்கார் காகிதத்தில் அதே பெயர்.

மூலத்தில் அது ‘உட்காரும் இடம்’ என்ற பழைய ஆங்கிலச் சொல். ஆள் உட்கார்ந்தால் குடியிருப்பு, தகராறு உட்கார்ந்தால் சமரசம், மண் உட்கார்ந்தால் விரிசல். நம் கொத்தனாரும் ‘அஸ்திவாரம் உட்கார்ந்துடுச்சு’ என்பார். மலையாளத்தில் ‘இருந்நு’. அதனால் அகராதியைப் பார்த்து ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைக்க முடியாது.

பெரிய குழப்பம் பத்திரத்தில்தான். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட்டை உயில் மாதிரி நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் பேசும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். தான செட்டில்மெண்ட்டில் உரிமை அப்போதே கைமாறிவிடும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 123-ஆம் பிரிவின்படி வீடு, நிலத்தைத் தானமாகக் கொடுக்கப் பதிவு கட்டாயம், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் ஏற்றுக்கொண்டிருக்கவும் வேண்டும். ‘ஏற்றுக்கொண்டேன்’ என்ற வரி இல்லாத பத்திரம்தான் பின்னாளில் கோர்ட்டுக்குப் போகிறது. நிபந்தனையில்லாமல் கொடுத்து, அவர்களும் ஏற்றுக்கொண்ட பிறகு, மனசு மாறி ஒருதலையாக ரத்து செய்ய வழியில்லை.

ஆகவே வயதானவர்கள் எழுதும்போது இரண்டு விஷயத்தை விடக்கூடாது. ஒன்று, ஆயுள் உள்ளவரை குடியிருக்கவும் வருமானம் எடுக்கவும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும் வாசகம். இரண்டு, சாப்பாடு, மருந்து, பராமரிப்பு தரவேண்டும் என்ற நிபந்தனை. வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம்தான், ஆனால் நிபந்தனை எழுத்தில் இருந்தால்தான் வழக்கு வலுவாக நிற்கும். ‘பிள்ளைகிட்ட போய் இதையெல்லாம் எழுதிக் கேட்கிறதா’ என்ற கூச்சம்தான் இங்கே பெரிய எதிரி.

எல்லை தாண்டினால் பெயரும் மாறும். பாறசாலை நிலத்துக்குக் கேரளச் சார்பதிவகத்தில்தான் பதிவு, அங்கே பத்திரம் ‘ஆதாரம்’. நம்ம ஊர் செட்டில்மெண்ட் பத்திரம் அங்கே ‘தனநிச்சய ஆதாரம்’, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ‘ஒழிமுறி’. பதிந்ததோடு முடியாது. வரிக் கணக்கிலும் பெயரை மாற்ற வேண்டும்: இங்கே பட்டா மாறுதல், அங்கே அதற்குப் பெயர் ‘போக்குவரவு’. அதைச் செய்யாமல் விட்டால் வரி பழைய பெயரிலேயே ஓடும், விற்கப் போகும்போதுதான் தெரியும்.

இன்னொரு பொறி: 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. அந்தக் காலத்து ஆவணக் கட்டுகளில் வரும் ‘செட்டில்மெண்ட் ரெஜிஸ்டர்’ நிலத்தை அளந்து வரி விதித்த ஆவணம். யாரும் யாருக்கும் எழுதிக்கொடுத்தது இல்லை. தாத்தா பெயர் அதில் இருக்கிறது என்பதை மட்டும் நம்பி பங்கு கேட்கப் போகாதீர்கள். தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டில் இருந்தால் ஆங்கில ஆண்டு தெரிய 825 கூட்டுங்கள், மலையாள மாதம் சிங்கம் முதல் தனு பாதி வரை என்றால் 824.

வங்கியில் அதே சொல்லுக்கு வேறு பல். கடன் முழுவதும் கட்டினால் கடன் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று பதிவாகும். தள்ளுபடி போக மீதியைக் கட்டினால் ‘செட்டில்டு’. ரெண்டும் ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் அடுத்து வீட்டுக் கடன் கேட்கும்போது ‘செட்டில்டு’ கழுத்தைப் பிடிக்கும். தொகையை எழுத்தில் வாங்காமல் ஒரு தவணையும் கட்டாதீர்கள், கட்டிய பிறகு பாக்கியில்லாச் சான்றும் அடமான ஆவணமும் கையில் வரவேண்டும்.

வழக்கைச் சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில் செய்யும் செட்டில்மெண்ட் தனி. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது.

கட்டடத்துக்கு வருவோம். விளவங்கோடு பக்கம் சரிவை வெட்டி ஒரு பக்கம் நிரவி வீடு கட்டுகிறார்கள். வீடு முழுக்க ஒரே அளவு இறங்கினால் பெரிய சேதமில்லை. நிரவிய பக்கம் மட்டும் இறங்கும்போதுதான் ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். மேலே சிமெண்ட் பூசினால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். விரிசலுக்கு குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். அது உடைந்தால் இறக்கம் நிற்கவில்லை, பூச்சு வேலைக்குக் காசு போடாதீர்கள்.