1929-லேயே நடந்ததுதான்
திரைத்துறையும் பல்கலைக்கழகமும் போடும் ஒப்பந்தம் பற்றிய கட்டுரை, இரண்டும் கைகோப்பது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று சொல்வது சரியாகப் படவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1929-லேயே, ஆஸ்கர் விருது தரும் அதே அகாடமியோடு சேர்ந்து சினிமா படிப்பைத் தொடங்கிவிட்டது. அகாடமியின் முதல் தலைவரான நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸே வந்து பாடம் நடத்தினார். நம் ஊரில் 1986-ல் வந்த ‘ஊமை விழிகள்’ சென்னை திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த படம் (அது பல்கலைக்கழகம் இல்லையே என்று யாராவது சண்டைக்கு வரலாம், வரட்டும்). விஜயகாந்த் அந்தப் பையன்களை நம்பி நடித்தார் பாருங்கள், அதுதான் விஷயம். நான் விஷுவல் கம்யூனிகேஷன் படித்த கல்லூரியிலும் ‘திரைத்துறை இணைப்பு’ என்று ஒன்று இருந்தது: ஒரு பிரபலம் வருவார், பொன்னாடை, பேச்சு, குரூப் போட்டோ, அப்புறம் ஒன்றுமில்லை. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் நல்ல கேமராவும் எடிட்டிங் வசதியும் வாங்கித் தந்தால் போதும் என்கிறார். அதெல்லாம் எங்களிடமும் இருந்தது சார். படப்பிடிப்பில் உதவியாளராக நிற்க இடம், அதற்கு மதிப்பெண், டைட்டிலில் பெயர், இவைதான் கிடைக்கவில்லை. கட்டுரையில் வரும் ஒப்பந்தத்தில் இந்த மூன்றும் உண்டா என்று எழுதியிருக்கலாம்.