இன்டர்வியூ நேரத்தைக் குறிப்பது யார்?

வேலையில் இருக்கிற ஒருவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறோம். அவர் வேலையில் இருப்பது நமக்குத் தெரியும். அந்த அனுபவத்துக்காகத்தான் அவரைக் கூப்பிடவே செய்கிறோம். அப்புறம், கொஞ்சமும் யோசிக்காமல் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வரச் சொல்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு அவர் எங்கே இருக்க வேண்டியவர்? தனக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்தில், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு.

பல வருடங்களாக இன்டர்வியூ பேனலில் உட்காருகிறவன் நான். என்ன கேள்வி கேட்பது, மதிப்பெண் எப்படிப் போடுவது, யார் எதைக் கேட்பது என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். நேரம் குறிப்பதை மட்டும் யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. பேனலில் இருப்பவர்களின் காலண்டரில் எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே இன்வைட்டைப் போட்டுவிடுகிறோம். வருகிறவர் எப்படியாவது சமாளித்துக்கொண்டு வந்துவிடுவார் என்று ஒரு நினைப்பு.

அவர் சமாளிப்பது எப்படி என்று கொஞ்சம் பாருங்கள். முதலில் எச்.ஆர். போனில் பேசுவார். அப்புறம் ஒரு டெக்னிக்கல் ரவுண்டு, இன்னொரு டெக்னிக்கல் ரவுண்டு, மேனேஜர், மேனேஜருக்கு மேலே ஒருவர். ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில். ஒரே சமயத்தில் மூன்று இடங்களில் முயற்சி செய்கிறவருக்கு இது மூன்று மடங்கு. லீவு கரைந்துபோகிறது. லீவு தீர்ந்தால் பெர்மிஷன், பெர்மிஷனும் தீர்ந்தால் சம்பளப் பிடித்தம். தினக்கூலியில் இருப்பவருக்கு முதல் நாளிலிருந்தே பிடித்தம்தான். வேலை கிடைக்குமா என்று தெரியாத ஒன்றுக்காக, கையில் இருக்கிற வேலையின் கூலியை இழக்கிறார்.

பணத்தை விட எனக்கு உறுத்துவது பொய். பல்வலி என்பார், வீட்டில் குழாய் ரிப்பேர் என்பார், குழந்தையின் பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பார். இயல்பாகப் பொய் சொல்லத் தெரியாதவர்கள் முந்தின நாள் ராத்திரியே தூக்கம் கெட்டு அதை ஒத்திகை பார்க்கிறார்கள். வழக்கத்தை விட நன்றாக உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனால், ‘என்ன, இன்டர்வியூவா?’ என்று யாராவது விளையாட்டாகக் கேட்டுவிடுவார்களோ என்று சட்டையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போகிறார்கள். இத்தனையும் தாண்டி வந்து உட்கார்ந்தவரிடம் நாம் நேர்மையைப் பற்றிக் கேள்வி கேட்கிறோம். பொய் சொல்லாமல் அந்த நாற்காலிக்கு வந்து சேரவே முடியாத மாதிரி நேரம் குறித்தவர்களும் நாம்தான்.

ஒருவரை நான் மறக்கவில்லை. வீடியோவில் இன்டர்வியூ, மதிய வேளை. தன் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்து பேசினார். போனை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்திருந்தார். அது அடிக்கடி சரிந்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஜன்னலைத் திறந்தால் குரல் வெளியே கேட்கும், மூடினால் புழுக்கம். நெற்றியில் வியர்வை வழிவது திரையிலேயே தெரிந்தது. அவ்வளவாகச் சிக்கலில்லாத ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் போனது. யாரோ கடந்து போயிருக்க வேண்டும். குரல் சட்டென்று தாழ்ந்தது, வாக்கியம் பாதியில் நின்றது. முடிவில், ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்றபோது இல்லை என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

என்னோடு பேனலில் இருந்தவர் மதிப்பீட்டுத் தாளில் ‘தன்னம்பிக்கை குறைவு’ என்று எழுதினார். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. கண்ணில் பட்டதை எழுதினார். ஆனால் அங்கே நாங்கள் அளந்தது காருக்குள் ஒளிந்துகொண்டு பேசும் திறமையைத்தான் என்று எனக்குப் பட்டது. மறுபடி ஒரு முறை, மாலை ஏழரை மணிக்குப் பேசலாமா என்று கேட்டோம். வீட்டில் மேஜை முன்னால் உட்கார்ந்து பேசினார். யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டார், காகிதத்தில் படம் வரைந்து காட்டினார், டீம் எப்படி இயங்குகிறது, இதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார் என்று எங்களையே குடைந்தார். அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. இன்னொருவர் அந்த இடத்துக்குக் கூடுதலாகப் பொருந்தினார். ஆனால் அந்த முடிவை அவருடைய வேலைத் திறனைப் பார்த்து எடுத்தோம் என்று என்னால் சொல்ல முடியும். முதல் இன்டர்வியூவோடு விட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

இவருக்காவது மறைந்து பேச ஒரு கார் இருந்தது. மேஜை வேலை பார்ப்பவர்கள் காலண்டரில் ‘மீட்டிங்’ என்று ஒரு மணி நேரத்தை அடைத்துவிட்டு ஏதாவது ஒரு அறைக்குள் போய்விடலாம். வகுப்பில் நிற்கும் ஆசிரியர் என்ன செய்வார்? வார்டில் இருக்கும் நர்ஸ்? மெஷின் முன்னால் நிற்பவர், பணம் வாங்கும் கவுன்டரில் இருப்பவர், லாகின் ஆன நிமிடங்களைக் கணக்குப் பார்க்கும் கால் சென்டரில் இருப்பவர்? தன் நேரம் தன் கையில் இல்லாதவர்களைத்தான் பகல் நேர இன்டர்வியூ முதலில் வடிகட்டி வெளியே தள்ளுகிறது. அந்த வேலையிலிருந்து வெளியேறும் வழி அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

‘ஆர்வம் இருந்தால் லீவு போட்டுவிட்டு வரட்டுமே’ என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. லீவு போட்டு வந்தவரிடம் லீவு மீதம் இருந்தது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். வராதவர் அந்த வாரம் மூன்று பேர் வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்திருக்கலாம்.

சட்டம் இதில் உதவாதா என்றால், ஓர் எல்லை வரை உதவுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1982-ல் வெளியிட்ட 166-வது பரிந்துரை, நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கு வேறு வேலை தேட, சம்பளம் பிடிக்காமல் நியாயமான அளவு நேரம் தர வேண்டும் என்கிறது. ஜெர்மனியின் சிவில் சட்டத் தொகுப்பில் 629-வது பிரிவும் இதே வகை. பிரிட்டனில் 1996-ம் வருடத்து வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், இரண்டு வருடப் பணி முடித்து ஆட்குறைப்பு நோட்டீஸ் வாங்கியவருக்கு இந்த நேரத்தைத் தருகிறது. கவனியுங்கள், எல்லாமே வேலை போவது உறுதியானவர்களுக்கு. வேலையில் இருந்துகொண்டே சத்தமில்லாமல் வேறு இடம் தேடுகிறவரை இவை எதுவும் தொடுவதில்லை. தொடவும் முடியாது. ‘உங்களை விட்டுப் போகப் பார்க்கிறேன், இரண்டு மணி நேரம் கொடுங்கள்’ என்று எந்த மேனேஜரிடம் போய்க் கேட்பது? அப்படியானால் நேரத்தைத் தளர்த்தக்கூடிய ஒரே ஆள், புதிதாக ஆள் எடுக்கிறவர். பொறுப்பு அங்கேதான் இருக்கிறது.

சரி, எல்லா இன்டர்வியூவையும் மாலைக்கு மாற்றிவிட்டால் முடிந்ததா? இல்லை. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும் ஒருவருக்குப் பகல் 11 மணிதான் நடுநிசி. நமக்கு அது நல்ல நேரம், அவருக்கு உடம்பே ஒத்துழைக்காத நேரம். மாலை ஆறு மணிக்கு அவர் அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அவருக்கு எது தோது என்று நம் மேஜையில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது, கேட்கத்தான் வேண்டும்.

நான் இதில் கறாராக இருக்கக் காரணம், இதே விஷயத்தை நேர்மாறாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்து, நாளைக் காலை வந்துவிடுங்கள் என்பார்கள். மேனேஜர் பகலெல்லாம் பிஸி, அதனால் இன்டர்வியூ ராத்திரி பத்தரைக்கு என்பார்கள். கைக்குழந்தையோடு இருப்பவர், படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளை வழிபாட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பவர் இவர்களெல்லாம் முடியாது என்று சொல்லத் தயங்கி ஒத்துக்கொள்கிறார்கள். ஆபீஸ் நேரத்துக்கு வெளியே என்பதாலேயே அது கருணை ஆகிவிடாது. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுவேன். வருகிறவர் கேட்டு மாலை ஏழு மணி என்றால் அது வசதி. பேனல் திணித்து மாலை ஏழு மணி என்றால், நாளைக்கு அந்த இடத்தில் வேலை எப்படி இருக்கும் என்பதற்கு அது முன்னோட்டம். அப்படி ஒரு அழைப்பு வந்தால், ‘உங்கள் டீம் வழக்கமாக இந்த நேரத்தில் வேலை பார்க்குமா?’ என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பேனல்காரர்களின் பக்கமும் நியாயம் உண்டு. அவர்களுக்கும் வீடு இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு இன்டர்வியூ எடுப்பவர் மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வர வேண்டும் என்றால், ஒருவர் தலையில் இருந்த சுமையைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைத்த கதைதான். வாரத்தில் ஓரிரு மாலைகள், ஓரிரு அதிகாலைகள் என்று ஸ்லாட் ஒதுக்கி, முறை வைத்து உட்காரலாம். உட்கார்ந்தவர் மறுநாள் அந்த அளவுக்குத் தாமதமாக வரலாம். மணிக்கணக்கில் கூலி வாங்கும் எச்.ஆர். ஊழியராக இருந்தால் ஓவர்டைம் கொடுத்தாக வேண்டும். இதையெல்லாம் விடப் பெரிய நிவாரணம் ரவுண்டுகளைக் குறைப்பது. ஐந்து ரவுண்டில் கேட்கும் கேள்விகளில் பாதி, முந்தின ரவுண்டில் கேட்டதேதான். இரண்டாகக் குறைத்து ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்தால், நேரம் குறிக்கும் தலைவலியில் பெரும்பகுதி தானாகவே போய்விடும்.

நேரில் வரச் சொல்வதாக இருந்தால் இன்னொன்று. ஆபீஸ் நேரம் முடிந்த கட்டடம் வேறு மாதிரி இருக்கும். வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார், பாதி விளக்கு அணைந்திருக்கும், எந்த மாடி, எந்தக் கதவு என்று சொல்ல யாரும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஆளில்லாத மாடியில், முன்பின் தெரியாத ஒரே ஒருவரோடு பூட்டிய அறையில் ஒரு பெண்ணை உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆணாக இருந்தாலும் அது சங்கடம்தான். குறைந்தது இரண்டு பேர் இருங்கள், கீழே இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போங்கள், திரும்பிப் போக வண்டி கிடைக்குமா என்று விசாரியுங்கள். இதெல்லாம் முடியாது என்றால் வீடியோவில் வையுங்கள்.

வேறு நாட்டில் இருப்பவரோடு வீடியோ என்றால், எந்த ஊர் நேரம் என்பதை இன்வைட்டிலேயே எழுதிவிடுங்கள். கோடைகாலத்துக்காக அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் இருக்கும் இரண்டு மூன்று வாரம் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான வழக்கமான நேரக் கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். வந்தவர் காத்திருந்துவிட்டுப் போயிருப்பார், இவர்கள் ‘ஆள் வரவில்லை’ என்று பைலை மூடியிருப்பார்கள்.

‘எந்த நேரத்திலும் நீங்களே பதிவு செய்து அனுப்புங்கள்’ என்று திரையில் கேள்வியைக் காட்டி, பதிலை வீடியோவாக வாங்கிக்கொள்ளும் முறையும் இருக்கிறது. நேரப் பிரச்சினையைத் தீர்க்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேமராவிடம் யாரும் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. காரில் இருந்தவர் இரண்டாம் முறை எங்களைக் குடைந்தாரே, அதற்கு அங்கே இடமே இல்லை. இன்டர்வியூவில் தேர்ந்தெடுப்பது நாம் மட்டுமில்லை, அவரும்தான்.

வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு: நேரம் மாற்றிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். இவ்வளவு எழுதினால் போதும்: ‘அழைத்ததற்கு நன்றி. என் வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. காலை 8 மணிக்கோ மாலை 6.30-க்குப் பிறகோ நேரம் ஒதுக்க முடியுமா? முடியாவிட்டால், எல்லாச் சுற்றுகளையும் ஒரே நாளில் வைத்தாலும் எனக்கு உதவியாக இருக்கும்.’ காரணம் விளக்கத் தேவையில்லை, மன்னிப்பும் கேட்க வேண்டாம். முடியாது என்று பதில் வந்தால், அன்றைய முதல் ஸ்லாட்டையோ கடைசி ஸ்லாட்டையோ கேளுங்கள். அரை நாள் லீவோடு போகும்.