குறையும் சொல்கிறோம், வாக்கும் போடுகிறோம்

சிங்கப்பூரில் 2025 மே 3ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சி (மசெக) 65.57 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றது. பொருள் சேவை வரி 2023இல் 7 விழுக்காட்டிலிருந்து 8ஆகவும் 2024இல் 9ஆகவும் உயர்ந்திருந்தது. வெளிநாட்டவர் வருகை பற்றிய முணுமுணுப்பு காப்பிக்கடைகளில் ஓயவே இல்லை. இத்தனைக்கும் நடுவில், 1959 முதல் ஆண்டுவரும், எதையும் ஆற அமரவே மாற்றும் பழமைப்போக்குள்ள ஒரு கட்சிக்கு 2020இல் கிடைத்த 61.24 விழுக்காட்டைவிடக் கூடுதலான ஆதரவு எப்படி வந்தது? 'சிங்கப்பூரர்களுக்குப் பயம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பயம் இருந்தது உண்மைதான். தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, தடையற்ற வர்த்தக உடன்பாடு நடப்பில் இருந்தும்கூட, நம் பொருள்களுக்கு அமெரிக்கா 10 விழுக்காட்டு வரியை அறிவித்தது. அடுத்த இரு வாரங்களுக்குள் அந்த ஆண்டின் பொருளியல் வளர்ச்சி முன்னுரைப்பு 0 முதல் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2001இல் நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு நடந்த தேர்தலில் ஆளுங்கட்சி 75.29 விழுக்காடு பெற்றதையும் பலர் நினைவூட்டுகிறார்கள். ஆனால், கொவிட் உச்சத்தில் இருந்த 2020இல், வேலை போய்விடுமோ என்ற கலக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தபோது, ஆதரவு சரிந்ததே! பயம் மட்டுமே வாக்காக மாறுவதாக இருந்தால் அந்த ஆண்டுக்குக் கணக்கு உதைக்கிறது.

பயத்தோடு பணமும் சேர்ந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் ஒவ்வொரு சிங்கப்பூரர் குடும்பத்துக்கும் கடைகளில் கைப்பேசிவழி செலவழிக்கக்கூடிய 800 வெள்ளி சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டுகள் அறிவிக்கப்பட்டன. தேக்கா சந்தையில் காய்கறிக்காரர், திரையைப் பார்த்துத் திகைத்து நிற்கும் பாட்டியின் கைப்பேசியைத் தொடாமலேயே, "அஞ்சு வெள்ளி ஒண்ணு, ரெண்டு வெள்ளி ஒண்ணு தட்டுங்கம்மா, ஏழு வெள்ளிக்குச் சரியா இருக்கும்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இதை வாக்குக்குக் கொடுத்த லஞ்சம் என்று எள்ளி நகையாடுவது வசதியுள்ளவர்களுக்கு எளிது. வரியை ஏற்றியதும் இதே கைதான் என்பது அந்தப் பாட்டிக்குத் தெரியாமல் இல்லை.

குடிநுழைவு விவகாரம் இவ்வளவு எளிதன்று. 2011இல் ஆளுங்கட்சி 60.14 விழுக்காட்டுக்கு இறங்கி, அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பறிகொடுத்ததற்கு வெளிநாட்டவர் வருகையும் ஒரு முக்கியக் காரணம். 2030இல் மக்கள்தொகை 6.9 மில்லியனை எட்டலாம் என்ற 2013 வெள்ளை அறிக்கையை எதிர்த்து ஹோங் லிம் பூங்காவில் கூட்டம் திரண்டது. அதன் பிறகு அரசாங்கம் கதவை மூடவில்லை. வாசற்படியை உயர்த்திக்கொண்டே வந்தது. உயர்திறன் ஊழியர்களுக்கான வேலை அனுமதி அட்டைக்குரிய (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 வெள்ளியானது. விண்ணப்பதாரரையும் நிறுவனத்தையும் புள்ளி போட்டு மதிப்பிடும் காம்பஸ் முறையும் 2023 முதல் நடப்பில் உள்ளது. இந்தியர்கள் வேலைக்கு வருவதோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட, இந்தியாவுடனான சீக்கா பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டை நாடாளுமன்றத்தில் உரக்கக் கேள்வி கேட்ட சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சிக்கு 2025இல் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. மனக்குறை தீர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அந்தக் குறையைச் சொன்ன தொனி பலருக்குப் பிடிக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

தமிழர்களான நமக்கு அந்தத் தொனி கூடுதலாகவே உறைக்கும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா, புதிதாக வந்தவர்கள் மின்தூக்கியில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவர்கள் வேலை பார்க்கும் இடங்களில் அவர்கள் ஆட்களையே சேர்த்துக்கொள்கிறார்கள் என்று மணிக்கணக்கில் பொருமுவார். அவரையே டாக்சி ஓட்டுநர்கள் "இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள், அவர் பிறந்தது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில்! சீக்கா சர்ச்சை சூடாக இருந்த 2021இல், சுவா சூ காங்கில் விரைவுநடை சென்ற இந்தியப் பெண் ஒருவரை இனச்சொற்களால் ஏசி ஒருவர் உதைத்தார். அவர் சிங்கப்பூரர் என்பது உதைத்தவருக்கு ஒரு பொருட்டாக இருந்ததாகத் தெரியவில்லை. குடியேறிகள்மீதான கோபத்துக்கு யார் எந்தத் தலைமுறையில் வந்தார் என்று பார்க்கத் தெரியாது. ஆகவே, பொருமிக்கொண்டே மசெகவுக்கு வாக்களித்த சித்தப்பாவிடம் காரணம் கேட்டேன். "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த முடியுமாடா தம்பி?" என்றார்.

அவருடைய வாக்கை நான் மதிக்கிறேன். ஆனால் அதைக் குடிநுழைவுக் கொள்கைக்குக் கிடைத்த ஒப்புதல் என்று அமைச்சர்கள் எண்ணினால், அவர்கள் சித்தப்பாவின் வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச்சுக் கேட்டதில்லை என்று அர்த்தம். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், இனம், குடியுரிமை போன்றவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகைசெய்கிறது. நல்லது. ஆனால் 25 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதற்கட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. நம் ஆட்களில் எத்தனையோ பேர் வேலை செய்வது அத்தகைய சிறிய கடைகளிலும் குத்தகை நிறுவனங்களிலும்தான். அந்த விலக்கை எப்போது நீக்குவீர்கள் என்று மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் நம் தொகுதி உறுப்பினரிடம் கேட்பதற்கு, ஆளுங்கட்சிக்கு வாக்களித்தவர்களுக்கே முதல் உரிமை இருக்கிறது.