சுபுர்ரா: குண்டுச் சத்தத்தில் காணாமல் போன சட்ட வரைவு

'சுபுர்ரா' (2015) என்ற இத்தாலியப் படத்தை அருமையான தாதா படம் என்று பரிந்துரைக்கிறவர்களோடு எனக்கு ஒரு சிறு சண்டை இருக்கிறது. படம் நன்றாக இருக்கிறது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பாதி வேறு, எனக்குப் பிடித்த பாதி வேறு. இயக்குநர் ஸ்டெஃபானோ சொல்லிமா ஒரு படத்தைத் தொடங்கிவிட்டு வேறொரு படத்தை முடித்திருக்கிறார் என்பதே என் புகார். முடிவையும் சொல்லித்தான் பேசப்போகிறேன்; இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.

கதை 2011 நவம்பரில் ரோமில், ஒரு வார காலத்துக்குள் நடக்கிறது. அந்த மாதம் 12ஆம் தேதி இரவு இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனி பதவி விலகினார். அதிபர் மாளிகைக்கு வெளியே கூட்டம் கூடி 'அல்லேலூயா' பாடியது. அந்தத் தேதியை நோக்கித்தான் படம் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு போகிறது. நகரத்தின் கடற்கரைப் பகுதியான ஓஸ்தியாவை சூதாட்ட விடுதிகளும் கேளிக்கை அரங்குகளும் நிறைந்த இடமாக மாற்றத் திட்டம். அதற்கு நிலம் வேண்டும், பணம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் வேண்டும். தெற்கத்தி மாஃபியாக் குடும்பங்களின் சார்பில் காரியத்தைக் கூட்டிச் சேர்ப்பவன் 'சமுராய்' என்கிற பழைய ஆள். சட்டத்தை நிறைவேற்றித் தருவதாக வாக்குக் கொடுத்திருப்பவர் பிலிப்போ மல்கிராதி என்ற எம்.பி. வத்திக்கானின் பணத்தைக் கையாளும் கர்தினால் ஒருவரும் உண்டு.

ஓட்டல் அறையில் இரண்டு பெண்களோடு மல்கிராதி கழிக்கும் இரவில், பதினெட்டு வயது நிரம்பாத ஒருத்தி போதை மிகுந்து இறந்துபோகிறாள். அதற்குச் சற்று முன் அவர் நிர்வாணமாகப் பால்கனிக்குப் போய், கொட்டுகிற மழையில் ரோம் நகரத்தின் மேல் சிறுநீர் கழிக்கிறார். படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் காட்சியைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் உரக்கச் சொன்னதாகவே பட்டது. அதற்குப் பிறகு வருவதுதான் அச்சமூட்டுகிறது. செத்துக் கிடக்கிறவளை இன்னொருத்தியின் தலையில் கட்டிவிட்டு மனிதர் உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவள் ஒரு தாதாவின் தம்பியை உதவிக்குக் கூப்பிடுகிறாள்; உடலை அப்புறப்படுத்தியவன் எம்.பி.யை மிரட்டிப் பணம் கேட்கிறான். மிரட்டியவனை அடக்கச் சொல்லி எம்.பி. ஆள் தேடுகிறார், அடக்கப் போனவன் கொன்றுவிடுகிறான். அங்கிருந்து பழிக்குப் பழி. இத்தனை பிணம் விழுந்தும், சமுராய்க்கு இருக்கிற ஒரே கவலை வாக்கெடுப்பு தள்ளிப்போய்விடக் கூடாதே என்பதுதான். மல்கிராதியாக நடித்த பியெர்ஃபிரான்செஸ்கோ ஃபவினோ, பயந்து நடுங்கும்போதுகூடத் தன் பதவியின் தோரணையை விடாத ஒரு மனிதரைக் கண்முன் நிறுத்துகிறார்.

இதுதான் நான் பார்க்க விரும்பிய படம். இங்கே பெரிய குற்றம் ஒரு சட்ட வரைவு. அது முறைப்படி அவைக்கு வரும், கை தூக்குவார்கள், நிறைவேறும். அதன் பிறகு கடற்கரையில் நடக்கிற எதையும் யாரும் திருட்டு என்று சொல்ல முடியாது.

கதாசிரியர்கள் இதை ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை. மூலநாவலை 2013இல் எழுதியவர்கள் நீதிபதி ஜியான்கார்லோ தெ கத்தால்தோவும் பத்திரிகையாளர் கார்லோ போனினியும். அடுத்த ஆண்டே, 2014 டிசம்பரில், நகராட்சி ஒப்பந்தங்களில் நடந்த ஊழலுக்காக ரோமில் பெரிய கைது நடவடிக்கை நடந்தது. மையத்தில் இருந்தவர்கள் இருவர்: முன்னாள் தீவிர வலதுசாரி ஆயுதக்காரரான, ஒரு கண்ணை இழந்த மாஸ்ஸிமோ கார்மினாத்தியும், முன்னாள் கைதிகளுக்கான கூட்டுறவுச் சங்கத்தை நடத்திவந்த சல்வத்தோரே புத்ஸியும். அகதி முகாம் நடத்துவது முதல் நகராட்சியின் ஒப்பந்தங்கள் பல இவர்கள் கைக்குப் போயிருந்தன. குடியேறிகளால் வருகிற வருமானத்தைவிடப் போதை மருந்தில் கிடைப்பது குறைவு என்று புத்ஸி தொலைபேசியில் சொன்னது ஒட்டுக்கேட்பில் பதிவாகி நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2015 ஆகஸ்டில் ஓஸ்தியா வட்டார நிர்வாகத்தையே மாஃபியா ஊடுருவலைக் காரணம் காட்டி அரசு கலைத்தது. அதே மாதம் காசமோனிகா குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் இறுதி ஊர்வலத்தில் குதிரை வண்டியில் சவப்பெட்டி போக, ஹெலிகாப்டரிலிருந்து ரோஜா இதழ்கள் தூவினார்கள். படம் அக்டோபரில் வெளிவந்தது. விளம்பரத்துக்கு வேறு செலவே தேவைப்பட்டிருக்காது!

அந்தக் குடும்பத்தை நினைவூட்டும் அனக்லேத்தி கும்பல் படத்தில் வருகிறது. ஐரோப்பாவின் சின்டி (Sinti), ரோமா நாடோடி மரபினர். பளபளக்கும் வீடு, நகை, கூச்சல், கந்துவட்டி என்று அருவருப்பு முழுவதையும் படம் இவர்கள் மேல் கொட்டுகிறது. கடனுக்காக ஒருவர் தற்கொலை செய்துகொண்டதும் வாரிசான மகனிடமே வந்து கேட்கிறான் கும்பல் தலைவன் மன்ஃப்ரேதி அனக்லேத்தி; எம்.பி.யை மிரட்டிக் கொல்லப்பட்டவனின் அண்ணன் இவன்தான். பார்க்கிறவனுக்கு வெறுப்பு பொங்கும். சமுராயோ அமைதியானவன், அம்மா மேல் பாசமுள்ளவன்; கோட்டு சூட்டு அணிந்தவர்களுக்குக் கிடைக்கிற கௌரவமான ஒளியமைப்பு நாடோடிகளுக்குக் கிடைக்கவில்லை. இத்தாலியத் தெருக்களில் ஏற்கெனவே ஏச்சு வாங்குகிற ஓர் இனத்தைப் பற்றி எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டாமா?

கடைசி அரைமணி நேரத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மன்ஃப்ரேதியை நாய்க்கு இரையாக்குகிறான் அந்தக் கடன்காரரின் மகன். சமுராயை மழையில், தெருவில் வைத்துச் சுடுகிறாள் காதலனை, அதாவது முன்பு மிரட்டியவனைக் கொன்ற அதே ஆளை, பறிகொடுத்த வியோலா. கெட்டவர்களுக்கு ஏழைகளும் எளியவர்களும் தண்டனை வழங்கிவிடுகிறார்கள். ஒளிப்பதிவும் இசையும் கைகோத்து நம்மைத் தூக்கிவிடுகின்றன. தீர்ந்தது கணக்கு என்று எழுந்து போகிறோம். கடற்கரைத் திட்டம் என்ன ஆனது? அந்தக் கேள்வி யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. சமுராய் போனால் தெற்கிலிருந்து இன்னொருவன் வரமாட்டானா?

இந்த இடத்தில்தான் ஃபிரான்செஸ்கோ ரோசி 1963இல் எடுத்த படத்தை நினைக்க வேண்டியிருக்கிறது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நகரத்தின் மேல் கைகள்'. நேப்பிள்ஸில் ஒரு பழைய கட்டடம் சரிந்து உயிர்ச்சேதம் ஆகிறது. விசாரணைக் குழு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு மேசையிலும் கோப்பு ஒழுங்காக இருக்கிறது, முத்திரை சரியாக இருக்கிறது, கையெழுத்து சரியாக இருக்கிறது. நகரமன்றத்தில் குற்றச்சாட்டு எழுந்ததும் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எழுந்து இரு கைகளையும் தூக்கி, எங்கள் கைகள் சுத்தமானவை என்று கத்துகிறார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிப்பதில்லை. கடைசியில், கட்டட ஒப்பந்தக்காரனும் மன்ற உறுப்பினனுமான நொத்தோலா (ராட் ஸ்டைகர்) தான் கேட்ட பொறுப்பையே வாங்கிவிடுகிறான். பேராயர் ஆசீர்வதிக்க, புதிய கட்டுமானத்துக்கு அடித்தளம் இறங்குகிறது. அந்த ஆண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது இந்தப் படம். கோபத்தை வடித்துவிட வழியே தராமல் நம்மை அனுப்பிவைக்கிறார் ரோசி.

கார்மினாத்தி, புத்ஸி மீதான ரோம் வழக்கும் சொல்லிமா காட்டியதுபோல முடியவில்லை. 2017இல் கீழ் நீதிமன்றம் இவர்களுடைய கும்பல் மாஃபியா இல்லை என்றது. 2018இல் மேல்முறையீட்டில் மாஃபியாதான் என்றார்கள். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி இல்லை என்று தீர்த்தது. லஞ்சமும் ஊழலும் உறுதியாயின. மாஃபியா அமைப்பு என்ற குற்றச்சாட்டு மட்டும் நிற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் நடந்த இந்த வாதப் பிரதிவாதத்தை வைத்து யாராவது ஒரு படம் எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.

நெட்ஃபிளிக்ஸில் 2017இல் தொடங்கி மூன்று பருவங்கள் வந்த 'சுபுர்ரா' தொடரைப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இளம் தாதாக்களின் நட்பும் துரோகமும் பிடிக்கும் என்றால் தாராளமாகப் பாருங்கள். மல்கிராதி மாதிரி ஒருவரைத் தேடிப் போனால் ரோசியின் படத்தையே முதலில் பாருங்கள். கறுப்பு வெள்ளை, பேச்சு அதிகம், காதல் கிடையாது. முதல் இருபது நிமிடத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.